வீடு வீடாகப் போகும் வேலையும் உன் கார் இன்ஷூரன்ஸும்

அன்புள்ள கயல்,

கடை வேலையை விட்டுவிட்டு, வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்துவிட்டாயாமே. கேட்க மனசு நிறைந்தது. ‘வேலைக்குப் போய்வர கம்யூட்டிங் போட்டிருக்கிறேனே சித்தப்பா, அது போதாதா?’ என்று கேட்டிருந்தாய். போதாது, கயல். பிரிட்டனில் கார் ஓட்டும் நம் பிள்ளைகள் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

காரை எதற்காக ஓட்டுகிறோம் என்பதை இங்குள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வகை பிரித்து வைத்திருக்கின்றன. கடைக்கு, கோயிலுக்கு, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது முதல் வகை. அதற்கு மேலே கம்யூட்டிங்: பெரும்பாலும், வீட்டிலிருந்து நிரந்தரமான ஒரே வேலையிடத்துக்குப் போய்த் திரும்புவது. ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ரயிலேறி வேலைக்குப் போனாலும் கம்யூட்டிங்தான். அதையும் தாண்டினால் பிசினஸ் யூஸ். ‘நான் சம்பளத்துக்குத்தானே வேலை செய்கிறேன், எனக்கெதற்கு பிசினஸ்?’ என்று உனக்குத் தோன்றும். சொந்தத் தொழில் நடத்துபவர்களுக்கு மட்டுமான வகை அல்ல அது. வேலைக்காக ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு உன் காரில் போனாலே அதில் சேர்ந்துவிடும்.

உன் ஒரு நாளைப் பார். காலையில் வெம்பிளியில் ஒரு பாட்டியை எழுப்பி, குளிக்க வைத்து, மாத்திரை கொடுக்கிறாய். அங்கிருந்து கென்டனில் ஒரு தாத்தா. பிறகு ஹாரோவில் இன்னொருவர். இதில் எதை உன் நிரந்தர வேலையிடம் என்று சொல்வாய்? பாட்டியை டாக்டரிடம் கூட்டிப் போக உன் காரில் உட்கார வைத்தால், அதுவும் வேலையின் பகுதிதான். ஒரு பயணத்துக்கு நிறுவனம் உனக்கு மைலுக்கு இவ்வளவு என்று பணம் தருகிறதென்றால், அதை கம்யூட்டிங் என்று நீயாக முடிவு செய்துவிடாதே.

எல்லாருடைய நிலையும் உன்னுடையதைப் போலத் தெளிவாக இருப்பதில்லை. உன் தோழி மூன்று நாள் ஒரு கிளினிக்கிலும் இரண்டு நாள் வேறொரு கிளினிக்கிலும் இருக்கிறாள் அல்லவா? இரண்டும் நிலையான இடங்கள், வீட்டிலிருந்து நேராகப் போய் நேராகத் திரும்புகிறாள். சில கம்பெனிகள் இதை கம்யூட்டிங்காக ஏற்கும், சில ஓரிடத்துக்கு மேல் ஏற்காது. பாலிசியில் எழுதியிருப்பதுதான் கணக்கு. ஒரே நாளில் ஒரு கிளினிக்கிலிருந்து மற்றதற்குப் போனால் அது பிசினஸ் பக்கம் சாய்ந்துவிடும். தினம் ஒரு பள்ளிக்குப் போகும் சப்ளை டீச்சர்களும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2020இல் கொரோனா வந்தபோது, அத்தியாவசியப் பணியாளர்கள் தொற்றின் காரணமாகப் பல இடங்களுக்குச் சொந்தக் காரில் போக நேர்ந்தாலும் இன்ஷூரன்ஸ் பாதிக்கப்படாது என்று இங்குள்ள காப்பீட்டுக் கம்பெனிகளின் சங்கம் அறிவித்தது. அப்படித் தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே வழக்கமான விதி என்னவென்று புரிந்துகொள்ளலாம்.

சரியான வகை இல்லாமல் மோதிவிட்டால், உன் காருக்கான நஷ்டஈட்டைக் கம்பெனி மறுக்கலாம். அடிபட்டவருக்கு அவர்கள் கொடுக்க நேர்ந்த பணத்தை உன்னிடமே திருப்பிக் கேட்கவும் வழியுண்டு. இன்னொன்றுதான் எனக்குப் பெரிய கவலை. அனுமதிக்காத வகையில் ஓட்டுவது, 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓட்டிய குற்றமாகிவிடலாம். வழக்கமாக 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 புள்ளிகள். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் இன்னும் கடுமை. நீ டெஸ்ட் பாஸாகி இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. அந்த இரண்டு வருஷத்துக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. தியரியிலிருந்து மறுபடி தொடங்கி இரண்டு டெஸ்டும் எழுதி ஓட்டித் தேற வேண்டும். அதுவரை இந்த வேலையை எப்படிச் செய்வாய்?

ஈமெயிலில் வந்திருக்கும் இன்ஷூரன்ஸ் சர்டிஃபிகேட்டைத் திற. ஒன்றிரண்டு பக்கம்தான். யார் யார் ஓட்டலாம் என்பதற்குக் கீழே, எதற்கெல்லாம் ஓட்டலாம் என்று சில வரிகள் இருக்கும். உன்னுடையதில் ‘நிரந்தரமான ஒரு வேலையிடம்’ என்ற பொருளில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கடையில் இருந்தபோது நீ சொன்னது உண்மைதான், தப்பில்லை. இப்போது வேலை மாறிவிட்டது, அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. கார் அப்பா பெயரில், பாலிசியும் அவர் பெயரில், நீ கூடுதல் டிரைவர். பிசினஸில் முதல் வகுப்பு என்பது பல கம்பெனிகளில் பாலிசிதாரருக்கு மட்டும், சிலவற்றில் அவர் மனைவிக்கோ கணவருக்கோ சேர்த்து. உனக்கு அது பொருந்தாமல் போகலாம். கூடுதல் டிரைவரையும் சேர்க்கும் இரண்டாம் வகுப்பு இருக்கிறதா என்று கேட்கச் சொல். இனி அப்பாவைவிட நீதான் அதிகம் ஓட்டப்போகிறாய் என்றால், அவரையே முதன்மை டிரைவராகக் காட்டிக்கொண்டிருப்பது மோசடியாகிவிடும். அப்போது உன் பெயரில் தனிப் பாலிசி எடுப்பதே நேர்வழி. பிரீமியம் கூடும், தெரியும். அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

புதன்கிழமை உனக்கு லீவு என்றாயே. அன்று காலை அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போடு. ‘ஒரே நாளில் பல வீடுகளுக்குப் போகிறேன், சில நேரம் அவர்களை என் காரில் ஏற்றிக்கொள்கிறேன்’ என்று இரண்டையும் சொல். ‘பரவாயில்லை, ஓட்டலாம்’ என்று வாயால் சொன்னால் விட்டுவிடாதே, ஈமெயிலில் கேள். புது சர்டிஃபிகேட் வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பு, உன் மேனேஜருக்கும் ஒன்று. அது வரும்வரை, பஸ்ஸில் போகக்கூடிய வீடுகளாகக் கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்.

அன்புடன்,
சித்தப்பா