முதலில் பாலாலயம், பிறகு திருப்பணி: எஸ்எஸ்டி ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கலாமா?



தைப்பூசத் தொண்டு, நவராத்திரி நிகழ்ச்சி, தேவார வகுப்பு என்று நம்ம குழு எடுக்கும் படங்களும் பதிவுகளும் இப்போது எஸ்எஸ்டி டிரைவில்தான் இருக்கின்றன. சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்தே சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் வாங்கி வந்துவிடுகிறோம். ஆனால் வாங்கிய பிறகு அதைப் பராமரிப்பது பற்றி யோசிப்பதில்லை. குழுவின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் என்பதால், "ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருக்கு அண்ணா, போடலாமா?" என்ற கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எப்படி முடிவெடுப்பது என்று பார்ப்போம்.

ஃபர்ம்வேர் என்ன செய்கிறது?

எஸ்எஸ்டிக்குள் தகவலைச் சேமிக்கும் சில்லுகள் இருக்கின்றன. அவற்றை நிர்வகிக்க கண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினி இருக்கிறது. அதில் ஓடும் நிரல்தான் ஃபர்ம்வேர். எந்தத் தகவல் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்கு முழுவதும் அதன் பொறுப்பு. ஒரே இடம் தேய்ந்துபோகாமல் பரவலாக எழுதுவதும், பிழைகளைத் திருத்துவதும் அதன் வேலைதான். கணக்குப்பிள்ளை குழம்பிவிட்டால் கிடங்கில் சரக்கு இருந்தும் எடுக்க முடியாது இல்லையா? இங்கும் அதே கதை.

போடாமல் விட்டால்?

2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதன் சர்வர்களில் இருந்த சில எஸ்எஸ்டிகள், மொத்தம் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். அதற்குப் பிறகு டிரைவையும் மீட்க முடியாது, தகவலையும் மீட்க முடியாது. காரணம் ஃபர்ம்வேர் பிழை. ஒரே நாளில் பொருத்திய டிரைவுகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்விடும் என்பதால், ஒன்றுக்கு ஒன்று துணையாக வைத்திருந்தாலும் பயனில்லை. அந்த நேரம் வருவதற்கு முன்பே அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள். 2020 மார்ச்சில் வேறு சில டிரைவுகளுக்கு 40,000 மணி என்ற இன்னொரு எச்சரிக்கையும் வந்தது.

வீட்டுக் கணினிக்கும் இது நடக்கும். சாம்சங் 980 புரோ வகையின் 2 டெராபைட் டிரைவுகளில், 3பி2 என்று தொடங்கும் பழைய ஃபர்ம்வேர் இருந்த சில, திடீரென்று எழுத மறுத்து 'படிக்க மட்டும்' என்ற நிலைக்குப் போயின. 2023 தொடக்கத்தில் இது பெரிதாகப் பேசப்பட்டது. 5பி2 என்று தொடங்கும் புதிய பதிப்பு இதைத் தடுக்கும். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போனதை அது குணப்படுத்தாது.

அவசரப்பட்டால்?

மறுபக்கமும் இருக்கு. 2009 அக்டோபரில் இன்டெல் தன் எக்ஸ்25-எம் டிரைவுகளுக்கு, டிரிம் என்ற வசதியைச் சேர்த்து ஒரு ஃபர்ம்வேரை வெளியிட்டது. விண்டோஸ் 7 பயன்படுத்திய சிலருக்கு, போட்ட கையோடு டிரைவ் வேலை செய்யாமல் போனது. இன்டெல் உடனே அதைத் திரும்பப் பெற்று, அடுத்த மாதம் திருத்திய பதிப்பைத் தந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிரைவை, வந்த அன்றே அப்டேட் போட்டுக் கெடுத்துக்கொண்டவர்கள் பாவம்.

மூன்று கேள்விகள்

ஒன்று: என் டிரைவின் மாடல் என்ன, இப்போது எந்த ஃபர்ம்வேர் பதிப்பு? விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் இதைக் காட்டும். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் தெரியும்.

இரண்டு: புதிய பதிப்பு எதைச் சரிசெய்கிறது? தயாரிப்பாளரின் குறிப்பைப் படியுங்கள். தகவல் இழப்பு, டிரைவ் செயலிழப்பு என்று உங்கள் மாடலுக்கு எழுதியிருந்தால் தள்ளிப்போடாதீங்க. ஏதோ சின்ன மேம்பாடு என்றால், டிரைவும் நன்றாக ஓடினால், சில வாரம் பொறுங்க. மற்றவர்களுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துவிடும்.

மூன்று: இந்த டிரைவ் இன்றே போனால் நான் எதை இழப்பேன்? இதுதான் முக்கியமான கேள்வி. நம்ம குழுவின் டிரைவ் ஒன்றில், இன்று நம்மிடையே இல்லாத ஒரு பெரியவர் பாடிய தேவாரப் பதிவுகள் இருக்கின்றன. எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

பாலாலயம் சொல்லும் பாடம்

கோயிலில் 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வது மரபு. சௌத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் 2023 பிப்ரவரி 12-ல் நடந்தது நினைவிருக்கும். திருப்பணிக்காகக் கருவறையில் கை வைக்கும் முன் நம் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? பாலாலயம். மூர்த்தியின் சக்தியைக் கலசத்தில் ஆவாகனம் செய்து, தற்காலிகமான ஓர் இடத்தில் எழுந்தருளச் செய்து, அங்கே பூஜையைத் தொடர்கிறார்கள். அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பம். விலைமதிப்பற்றதை முதலில் பத்திரப்படுத்து, பிறகு பழுது பார் என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது.

டிரைவுக்கும் இதே வரிசைதான். அப்டேட் போடுவதாக இருந்தாலும் சரி, வேண்டாம் என்று விட்டாலும் சரி, வேறொரு டிரைவில் ஒரு நகல், வீட்டுக்கு வெளியே இன்னொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நகலைத் திறந்து, பாட்டு கேட்கிறதா, படம் தெரிகிறதா என்றும் பாருங்கள். சோதிக்காத நகலை நம்பக் கூடாது.

செய்யும் முறை

தயாரிப்பாளரின் சொந்த நிரலை மட்டும் பயன்படுத்துங்கள். சாம்சங்குக்கு மெஜிஷியன், குரூஷியலுக்கு ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ். மடிக்கணினியோடு வந்த டிரைவ் என்றால், அந்த மடிக்கணினி நிறுவனத்தின் பக்கத்தில் தேடுங்கள். மேக்புக் என்றால் மேக்ஓஎஸ் அப்டேட்டோடு சேர்ந்தே வரும். பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலில் எழுதி வையுங்கள். சார்ஜரைச் செருகி, மற்ற நிரல்களை மூடி, தொடங்குங்கள். நடுவில் மின்சாரம் போனால் டிரைவே போகலாம். முடியும் வரை எதையும் தொடாதீங்க. கணினி மறுபடி தொடங்கியதும், பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

இந்த வாரப் பயிற்சி

உங்கள் டிரைவின் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, ஓடிய மணி நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, திரும்பக் கிடைக்காத மூன்று கோப்புகளின் பெயரையும், அவற்றின் நகல் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், அப்டேட்டைப் பிறகு பார்க்கலாம். முதலில் நகல் எடுங்க.