கடைப்பலகை எழுதும் முன்

கொல்கத்தா கிடர்பூரில் ஃபேன்சி மார்க்கெட் பக்கம் போனால் வங்காளம், இந்தி, உருது, ஆங்கிலம் என்று கலந்து எழுதிய கடைப்பலகைகள் கண்ணில் படும். இத்தனை எழுத்தில் கண் எதைப் பிடிக்கும்? ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு விடை உண்டு. அருகருகே இருப்பதையும் ஒன்றுபோல் இருப்பதையும் கண் ஒரே கூட்டமாகச் சேர்த்துக்கொள்கிறது. கெஸ்டால்ட் விதிகள் எனப்படுபவற்றில் இவையும் அடங்கும்.

ஆகவே கடைப் பெயர் எத்தனை மொழியில் வந்தாலும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். முகவரியையும் போன் நம்பரையும் ஒட்டி வைத்து, பெயரிலிருந்து நன்றாகத் தள்ளி எழுதச் சொல்லுங்கள்.

வங்காள, இந்தி எழுத்துகளைத் தலைக்கோடு பிணைத்துவிடும். உருதுவில் பெரும்பாலான எழுத்துகள் கைகோத்தே வரும். பலகையில் தமிழும் எழுதுவதானால், அதற்கு அந்த வசதி இல்லை. பலகையை நிரப்புவதற்காக 'ஜ வு ளி க் க டை' என்று அகல விட்டால் சொல் உதிர்ந்துபோகும். இடம் மிஞ்சினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், இடைவெளியை அல்ல.

பூப்போட்ட பின்னணி வேண்டவே வேண்டாம். எழுத்தையும் பின்னணியையும் பிரிக்க முடியாமல் கண் திணறும். அச்சுக்குக் கொடுக்கும் முன் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். கடைப் பெயர் முதலில் தெரியாவிட்டால் டிசைனைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.