விமானம் நின்றுவிட்டால் இடம் யாருக்கு?

2024 மே 26 நண்பகல் முதல் 21 மணி நேரம், ரெமால் புயலால் கொல்கத்தா விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்து நின்றது. இத்தகைய வேளையில் அடுத்த விமானத்தில் இடம் யாருக்கு? முன்பே அதற்குச் சீட்டுப் பெற்றவர்க்கே முதலுரிமை. நின்றுபோன விமானத்தாருக்கு எஞ்சிய இருக்கைகளே கிடைக்கும். நான் கணக்கிட்டுப் பார்த்தேன்: 180 இருக்கைகளில் 162 நிரம்பினால் மிச்சம் 18. ஆகவே, நின்றுபோன ஒரு விமானத்தின் 162 பேரும் ஊர் சேர ஒன்பது விமானங்கள் வேண்டும்!

அந்த 18 இடங்களுக்குள் நோயாளிகளையும், துணையின்றிச் செல்லும் சிறுவரையும், இணைப்பு விமானம் பிடிப்போரையும் முன்னிறுத்துவது வழக்கம். மாணவர்க்கெனத் தனி வரிசை இல்லை. மாற்று விமானமா, முழுப்பணமா என்று தேர்வது நம் உரிமை. ஆயின் புயலுக்கு இழப்பீடு கிடையாது. எனவே நண்பர்களே, நேர்முகத் தேர்வுக்குச் சென்னை செல்வோர் இரு நாள் முன்னரே புறப்படுக!