பத்துப் படகுக்கு எத்தனை கிலோ?

கேள்வி: கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு படகின் மீன்பாடு லாக்நார்மல் பரவல் என்று வைத்துக்கொண்டால், பத்துப் படகின் மொத்தப் பாட்டுக்குச் சூத்திரம் உண்டா?
– வாசகி, சிதம்பரம்

பதில்: துல்லியமான சூத்திரம் கிடையாது. லாக்நார்மல்களைப் பெருக்கினால் லாக்நார்மலே வரும், கூட்டினால் வராது. ஆனாலும் மொத்தமும் லாக்நார்மல்தான் என்று துணிந்து, சராசரியையும் மாறுபாட்டையும் பொருத்திவிடலாம். ஃபென்டன் 1960-இல் வானொலித் தொடர்புச் சிக்கலுக்காக எழுதிய வழி இது. ஃபென்டன்-வில்கின்சன் முறை என்பார்கள்.

போட்டுப் பார்ப்போம். ஒரு படகின் இடைநிலைப் பாடு 100 கிலோ, அதன் மடக்கையின் திட்டவிலக்கம் 1 என்று கொள்ளுங்கள். பத்துக்கு 1,000 கிலோ என்று உடனே கை போகும். தப்பு! என்றோ ஒருநாள் வலை கிழியக் கிழிய மத்தி ஏறும் படகு, சராசரியை 165-க்குத் தூக்கிவிடும். ஆகவே பத்துக்குச் சராசரி 1,649 கிலோ. மடக்கையின் விலக்கம் 0.4 ஆகச் சுருங்கும்; இடைநிலை ஏறத்தாழ 1,520.

அள்ளிக் கொட்டும் நாட்களை இந்த முறை நன்றாகவே பிடிக்கும், வறண்ட நாட்களில் சறுக்கும். அங்கே ஷ்வார்ட்ஸும் யேயும் 1982-இல் சொன்ன வழி மேல்.

இதெல்லாம் படகுகள் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான். ஒரே கடல், ஒரே காற்று. எங்கே சாராமல் இருப்பது? விலக்கம் அவ்வளவு சுருங்காது. புயல் கூண்டு ஏற்றினாலோ பத்தும் கரையில்தான். பூஜ்யத்துக்கு மடக்கை இல்லை. அந்த நாட்களைத் தனியே ஒதுக்கிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.