படம் மட்டும் போதாது, தம்பி

அன்புத் தம்பிக்கு,

காசநோய் மாத்திரை வாங்க வருகிறவர்களைப் படமெடுத்து, உன் ஆய்வைப் புகைப்படக் கட்டுரையாக்கப் போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். கேமராவைத் தூக்குமுன் ஒரு புத்தகத்தைத் தேடிப் பார்த்துவிடு. பிலிப் பூர்குவாவும் ஜெஃப் ஷோன்பர்கும் 2009-ல் வெளியிட்ட ‘ரைட்டியஸ் டோப்ஃபீண்ட்’. முன்னவர் மானுடவியலாளர், பின்னவர் மருத்துவ மானுடவியல் படித்த புகைப்படக்காரர். சான் ஃபிரான்சிஸ்கோவில் வீடில்லாமல் தெருவோரம் கிடந்து ஹெராயின் ஊசி போட்டுக்கொண்டவர்களோடு பத்தாண்டுக்கு மேல் பழகியவர்கள். கறுப்பு வெள்ளைப் படம், களக்குறிப்பு, பதிவுசெய்த பேச்சு மூன்றும் அதில் பின்னிக் கிடக்கும்.

இருவர் ஒரே மூடியில் ஹெராயினைக் கரைத்து, ஒரே பஞ்சின் வழியாக ஊசியில் உறிஞ்சுகிறார்கள் என்று வைத்துக்கொள். படமாக மட்டும் பார்த்தால், “நோய் ஒட்டும் என்றுகூடத் தெரியாதா?” என்று கேட்கத் தோன்றும். உரையைப் படித்தால் கதை வேறு. தனியாக ஒரு பொட்டலம் வாங்கக் காசு இருக்காது. போடாவிட்டால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி, நடுக்கம். காசைச் சேர்த்து வாங்கிப் பங்கிட்டால் இன்றைய பொழுது ஓடும். நாளை இவனிடம் இல்லாதபோது அவன் கொடுப்பான். ஹெபடைட்டிஸ் சி பரவுவதும் இதே வழியில்தான். “பகிராதீர்கள்” என்ற சுகாதார அறிவுரை ஏன் எடுபடவில்லை என்பது அப்போதுதான் விளங்கும். எழுத்து இல்லாவிட்டால் பழி முழுக்க அந்த இருவர் தலையில்தான் விழுந்திருக்கும்.

உன் ஆய்விலும் அப்படித்தான். விலா எலும்பு தெரியும் நோயாளியை யார் வேண்டுமானாலும் படமெடுத்துவிடலாம். மருந்து கொடுக்கும் நேரத்தில் அவருக்குக் கூலி வேலை இருக்கிறதே, அதைப் படத்தில் எப்படிக் கொண்டுவருவாய்? அங்கே மூளையைச் செலவிடு.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு விஷயம் முடியாது. ஜப்பானின் மினமாட்டாவில், பிறக்குமுன்பே பாதரச நஞ்சு தாக்கிய மகளைத் தாய் குளிப்பாட்டும் காட்சியைப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1971-ல் எடுத்தார், குடும்பத்தின் சம்மதத்தோடுதான். உலகமே பார்த்த படம். மகள் 1977-ல் இறந்தாள். பெற்றோரின் மனமறிந்து, ஸ்மித்தோடு அங்கே பணியாற்றிய ஐலீன் ஸ்மித், இனி அதை வெளியிடத் தருவதில்லை என்று 1998-ல் முடிவெடுத்தார். சரியான முடிவு என்பேன்.

ஆகவே, படங்களை வரிசைப்படுத்திய பிறகு அவர்களிடமே கொண்டுபோய்க் காட்டு. படக்குறிப்பை வாசித்துக் காட்டு. முகம் தெரியலாமா என்று மறுபடி கேள். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் பதில் மாறியிருக்கும். வேண்டாம் என்றால் நீக்கிவிடு, எத்தனை நல்ல படமானாலும்.

எனக்கு அனுப்பும்போது களக்குறிப்பையும் சேர்த்தே அனுப்பு. வெறும் படங்களைப் பார்த்து நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அன்புடன்,
அண்ணன்