உப்பு எதுவரை ஏறும்?

பிரேசர் மலைப் பகுதியில் பிறக்கும் சிலாங்கூர் ஆறு, கோலகுபுபாரு, பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி, கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரக் குழாய்களில் வரும் நீரில் பாதிக்கும் மேல் இந்த ஆறு தருவதே.

ஆனால், இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் ஒரே திசையில் ஓடுவதில்லை. நாளுக்கு இருமுறை, கடல் ஏற்றத்தின்போது உவர்நீர் ஆற்றுக்குள் நுழைகிறது. கடலோரத் தோட்டங்களில் உழைத்தவர்கள் இதை நன்கு அறிவார்கள். வற்றத்தின்போது மதகைத் திறந்து தோட்டத்து நீரை வெளியேற்றுவர், ஏற்றத்தின்போது மூடிவிடுவர். மூடத் தவறினால் உவர்நீர் வாய்க்கால் வழியே செம்பனையின் வேர்வரை வந்துவிடும். (மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் உருவானது. செம்பனைக்குப் புகழ்பெற்ற தோட்டத்திற்குத் தென்னையின் பெயர்!)

கம்போங் குவாந்தானில் இந்த உப்பு வேறொரு வகையிலும் முக்கியமானது. அங்குள்ள பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் இரவில் ஒரே தாளத்தில் ஒளிர்கின்றன. அம்மரம் சற்றே உவர்ப்பான நீர் வந்துபோகும் கரையில்தான் செழிக்கும். மின்மினியின் புழுக்களோ ஈரமான கரைச் சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆற்றில் உப்பு கூடினால் மரம், நத்தை, மின்மினி மூன்றுக்கும் ஆபத்து.

மேலே அணை நீரைத் தேக்குகிறது. நடுவே சுத்திகரிப்பு நிலையங்கள் நீரை எடுக்கின்றன. மிஞ்சும் நன்னீர்தான் கடலைத் தடுத்து நிறுத்துகிறது. 2014ஆம் ஆண்டு தொடக்கத்தில் வறட்சியால் அணையின் நீர்மட்டம் சரிந்து, சிலாங்கூரில் நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அத்தகைய நாள்களில் குழாய்க்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு? ஆற்றை வற்றவைத்துச் சோதித்துப் பார்க்க முடியாது. எனவேதான் கணினி மாதிரி தேவைப்படுகிறது.

மாதிரியில் ஆறு பல கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கட்டத்தில் 800 கன மீட்டர் நன்னீர் இருப்பதாகக் கொள்வோம். லிட்டருக்கு 20 கிராம் உப்புள்ள 200 கன மீட்டர் நீர் கடலிலிருந்து நுழைந்து நன்றாகக் கலந்தால், உப்பு லிட்டருக்கு 4 கிராம் ஆகும். வறட்சியில் நன்னீர் 300 கன மீட்டராகக் குறைந்திருந்தால், அதே ஏற்றம் உப்பை 8 கிராமுக்கு உயர்த்திவிடும். நீங்களே தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். கணினி செய்வதும் இதே கணக்குதான். ஆனால், நூற்றுக்கணக்கான கட்டங்களுக்கு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை, பல மாதங்களுக்குச் செய்கிறது. மழை, அணை திறப்பு, கடல் ஏற்றம், ஆற்றின் அகல ஆழம் ஆகியவற்றை நாம்தான் அதற்குக் கொடுக்க வேண்டும்.

விடை சரியா என்பதை ஆற்றில் இறங்கித்தான் பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் மலேசிய ஆய்வாளர்களும் சிலாங்கூர், பெர்ணம், பேராக், மூவார் முதலிய ஆறுகளின் முகத்துவாரங்களில் உப்பை அளந்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். இத்தகைய அளவீட்டில் சுவையான ஒரு முறை உண்டு. ஏற்றம் முடிந்து நீர் திரும்புமுன் ஒரு கணம் அசையாமல் நிற்கும். அந்தக் கணம் முகத்துவாரத்தில் முதலில் நேர்ந்து, மெல்ல மெல்ல மேலேறிச் செல்லும். படகும் அதனுடனேயே பயணம் செய்து, இடத்துக்கு இடம் உப்பை அளக்கும். உவர்நீர் கனமானது, அடியில் தங்கக்கூடும். ஆகவே, மேற்பரப்பில் மட்டும் அளந்தால் போதாது.

ஒருமுறை சரிபார்த்த மாதிரியும் என்றென்றும் சரியாக இருப்பதில்லை. மணல் தோண்டுவதால் ஆற்றின் அடி ஆழமாகும். ஆழமான ஆற்றில் உப்பு இன்னும் தொலைவு ஏறும். கணினிக்குள் இருப்பதோ பழைய ஆழம்தான். அதனால், ஆற்றின் குறுக்களவை மீண்டும் எடுத்து மாதிரிக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.