ஏறும் புரதமும் காணாமற்போகும் புரதமும்

அன்புள்ள கயல்விழிக்கு,

பெருங்குடல் புற்றுநோயாளியின் கோப்பைப் புரட்டினால் சி.இ.ஏ. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கருவின் குடலில் மிகுதியாகச் சுரந்து, பிறப்பதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும் புரதம் அது. 1965இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் கட்டியில் அதைக் கண்டறிந்தனர்.

ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே நோயைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை நிலைக்கவில்லை. தொடக்க நிலைக் கட்டிகள் பலவற்றில் அளவு ஏறுவதே இல்லை; புகைபிடிப்போருக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் கட்டி இல்லாமலே ஏறும். நலமாக இருப்பவர் ‘முழு உடல் பரிசோதனை’யில் இதையும் சேர்த்துக்கொள்வது, காசு கொடுத்துக் கவலையை வாங்குவதுதான்.

நோய் உறுதியான பிறகே இதற்கு மதிப்பு. அறுவைக்கு முன் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமைத் தாண்டியிருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். கட்டி முழுவதும் அகன்றிருந்தால் 4 முதல் 6 வாரங்களில் அளவு இயல்புக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கிறதோ என்ற ஐயம் எழும். பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பார்கள். அப்போது தனி எண்ணைவிட எண்களின் போக்குதான் முக்கியம். தொடர்ந்து ஏறினால் ஸ்கேன் எடுப்பார்கள். கல்லீரலுக்குப் பரவியது பல நேரங்களில் இப்படித்தான் தெரியவருகிறது.

இன்னொரு வகைக் குறியீட்டைத் தேட வேண்டிய இடம் கட்டியின் திசு. டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகளை, அச்சகத்து மெய்ப்புத் திருத்துநரைப் போல, எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்னும் நான்கு புரதங்கள் சரிசெய்கின்றன. திசுச் சீவலுக்குச் சாயமேற்றினால், புரதம் உள்ள உட்கரு பழுப்பாகத் தெரியும். இல்லாததில் அந்த நிறம் பிடிக்காது. ஏறத்தாழ 15 விழுக்காடு கட்டிகளில் இந்தத் திருத்தம் கெட்டிருக்கிறது.

அது கெட்டால் நோய் முற்றும் என்றே யாருக்கும் தோன்றும். நோயின் இரண்டாம் நிலையில் நடப்பது நேர்மாறு. பிழைகள் குவிந்து உருவாகும் அந்நியப் புரதங்களை நோயெதிர்ப்புச் செல்கள் அடையாளம் கண்டு கட்டியைச் சூழ்கின்றன. நோய் திரும்புவது குறைகிறது. இந்த நிலை நோயாளிகளுக்கு ஃப்ளூரோயுரேசில் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதில் பயனில்லை என்பதால் பலர் கீமோவிலிருந்து தப்புகிறார்கள். நோய் பரவிவிட்டால் அந்தச் சாதகம் மறைந்துவிடும். ஆனால் நோயெதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் அங்கே கைகொடுக்கிறது. இத்தகைய நோயாளிகளுக்கு முதல் சிகிச்சையாகவே அதைத் தர 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எம்.எஸ்.எச்.2 காணாமற்போயிருந்தால் பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியையும் சந்தேகிக்க வேண்டும். மரபணுச் சோதனையில் அது உறுதியானால் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் சோதிப்பார்கள். அதே மாற்றம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 20–25 வயதிலேயே கொலனோஸ்கோப்பி தொடங்கிவிடும்.

அன்புடன்,
பெரியப்பா